மாமாவின் பென்ஸுக்கு ரேடியேட்டர் வாங்கிய கதை

மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில்தான் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி கிளம்பியது. மலேசியாவின் ஈப்போவில் வேலையை முடித்துவிட்டு, தைப்பிங்கில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். 80-க்குக் கொஞ்சம் மேலே சமர்த்தாக நின்றுகொண்டிருந்த ஊசி, லாரிகள் திணறுகிற அந்த ஏற்றத்தில் 120-ஐப் பார்த்து நகர ஆரம்பித்தது. "ஏர்கோனை அடைச்சிடு, இறங்கிடும்" என்றார் மாமா. இறங்கவில்லை. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது.

வண்டி மாமாவுடையது. 1991-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 230இ, டபிள்யூ124 என்பார்களே, அந்த ரகம். 2001-இல் இரண்டாம் கையாக வாங்கினார். நான் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் இந்த வண்டியைத்தான் ஓட்டுகிறேன்.

ஓரங்கட்டியதும் மாமா ஒரு மினரல் வாட்டர் பாட்டிலோடு இறங்கித் தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறக்கப் போனார். கையைப் பிடித்து இழுத்தேன். மூடியின் மேல் 140 என்று பதித்திருக்கும். உள்ளே 1.4 பார் அழுத்தம் வரை அது தாங்கிப் பிடிக்கும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, 125-ஐத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த நொடியில் அத்தனையும் முகத்தில் அடிக்கும். இன்னொன்று, இந்த இன்ஜினின் ஹெட், அதாவது சிலிண்டர்களை மூடும் மேல்பாகம், அலுமினியம். கொதிக்கிற ஹெட்டுக்குள் பச்சைத் தண்ணீர் போனால் அது கோணிக்கொண்டுவிடும். ரேடியேட்டர் செலவு ஆயிரத்தில் என்றால் ஹெட் செலவு பல ஆயிரத்தில்.

பிளஸ் நெடுஞ்சாலையின் 1800-88-0000 எண்ணுக்கு அழைத்தோம். ரோந்து வண்டி நான் நினைத்ததைவிடச் சீக்கிரமே வந்தது. கூம்புகளை வைத்தார்கள், எங்களைத் தடுப்புக்கு அப்பால் நிற்கச் சொன்னார்கள், கோல கங்சார் டோல் வரை இழுத்துக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. அங்கிருந்து மாமாவின் ஊரான சுங்கை சிப்புட்டுக்குத் தனியார் இழுவை லாரி, 150 வெள்ளி (ரிங்கிட்). லாரிக்காரப் பையன் மலாயில் பேரம் பேசினான், 150-க்குக் கீழே வர மாட்டேன் என்று தமிழில் முடித்தான்.

அன்று இரவு நான் செய்த காரியம்தான் முட்டாள்தனம். வெளிநாட்டிலிருந்து வருபவனுக்கு எல்லாவற்றையும் போனிலேயே முடித்துவிடலாம் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. படுத்துக்கொண்டே இணையக் கடையில் தேடினேன். "டபிள்யூ124 200, 230 ரேடியேட்டர், புதியது, 290 வெள்ளி." படம் பார்க்க நன்றாக இருந்தது. ஐந்து நட்சத்திரம். அமுக்கிவிட்டேன். பழையதைக் கழற்றக்கூட இல்லை!

மறுநாள் காலை மாமாவின் போர்மன் வந்தார். எங்கள் ஊரில் மெக்கானிக்குக்கு அதுதான் பெயர். சந்தைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. முப்பது வருடமாகப் பழைய பென்ஸ், வால்வோ, தோட்டத்து லாரி என்று பார்ப்பவர். நான் ரேடியேட்டர் ஆர்டர் போட்டுவிட்டேன் என்றதும் ஒன்றும் சொல்லவில்லை. "மொதல்ல வண்டி என்ன சொல்லுதுன்னு பாப்போம் பிரதர்" என்றார்.

முதலில் இன்ஜின் ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தை விரலால் வழித்துப் பார்த்தார். வெள்ளைக் களிம்பு இல்லை, அதாவது ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. அடுத்து கியர்பாக்ஸ் ஆயில் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெய் பழசு, ஆனால் சிவப்பாக, தெளிவாக இருந்தது. "இது சிராப் பண்டுங் மாதிரி இருந்துச்சுன்னா கதை முடிஞ்சிச்சு" என்றார். ரோஜா சிரப்பில் பால் ஊற்றிக் கல்யாணத்தில் கொடுப்பார்களே, அந்தப் பானம். எனக்கு விளங்கவில்லை. ரேடியேட்டருக்கும் கியர்பாக்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. ஆட்டோ கியர் வண்டியில் ரேடியேட்டரின் பக்கத்துத் தொட்டிக்குள் இன்னொரு சின்னக் குளிர்விப்பான் ஒளிந்திருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து இரண்டு உலோகக் குழாய்கள் வந்து அதில் சேரும். சூடான எண்ணெய் அதற்குள் ஓடும், வெளியே கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சுற்றிவரும். அந்த உள்சுவர் ஓட்டையானால் இரண்டும் கலந்துவிடும். கூலண்டிலுள்ள கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கியர்பாக்ஸின் கிளச் தகடுகளைத் தின்றுவிடும். 2000-களின் தொடக்கத்தில் வந்த டபிள்யூ203, டபிள்யூ211 ரகங்களில் இந்தத் தொல்லை பென்ஸ்காரர்களிடையே பிரசித்தம். ரேடியேட்டரில் மிச்சம் பிடித்துக் கியர்பாக்ஸை மாற்றியவர்கள் உண்டு. மாமாவின் வண்டி அதற்கு முந்திய தலைமுறை, தப்பித்தது.

ஹெட் கெட்டிருக்கிறதா என்று நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளழுத்தம், பார்த்தார். நாலும் ஏறக்குறைய ஒன்றுபோல நின்றன. அப்புறம்தான் ரேடியேட்டர் பக்கம் வந்தார். விசிறிக் கூட்டை எடுத்துவிட்டு, மேலே இரண்டு கிளிப்பை நெம்பினால் அப்படியே தூக்கிவிடலாம். எண்ணெய்க் குழாய்களை மட்டும் இரண்டு ஸ்பேனர் போட்டு, ஒன்றால் பிடித்து ஒன்றால் திருப்பிக் கழற்றினார். ஒற்றை ஸ்பேனரால் முறுக்குகிறவன் தொட்டியையே பிய்த்துவிடுவான்.

வெளியே எடுத்ததும் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. நடுவில் அலுமினியம், இருபக்கமும் பிளாஸ்டிக் தொட்டி. மேல் ஹோஸ் மாட்டுகிற பிளாஸ்டிக் கழுத்து சுற்றிலும் விண்டு போயிருந்தது. இந்த ரகத்தில் வழக்கமாகப் போகிற இடமே அதுதான். சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து வெந்து பிளாஸ்டிக் அப்பளமாகிவிடுகிறது. விரிசலின் மேல் பழுப்பாக ஒரு பூச்சு. போர்மன் மாமாவைப் பார்த்தார். மாமா தெருவைப் பார்த்தார். போன தீபாவளிக்கே ஒழுக ஆரம்பித்திருக்கிறது, எபாக்ஸி பசை வாங்கிப் பூசி வைத்திருக்கிறார். போதாததற்கு நாலைந்து வருடமாகக் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றி வந்திருக்கிறார். "நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது, கூலண்ட் எதுக்கு?" உறையாமல் இருப்பது கூலண்டின் ஒரு வேலைதான். அலுமினியத்தை அரிக்காமல் காப்பதும் அதே திரவம்தான். கழுத்துக்குள் விரலை விட்டால் துருச்சேறு ஒட்டியது.

செவ்வாய்க்கிழமை என் பெட்டி வந்து சேர்ந்தது. போர்மன் இரண்டையும் சிமெண்ட் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தார். அகலம் சரி. உயரம் சரி. தடிமன் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மெலிந்திருந்தது. எண்ணெய்க் குழாய் மாட்டும் துளைகள் இல்லவே இல்லை. கை கியர் வண்டிக்கான ரேடியேட்டர்! விற்றவனுக்குச் செய்தி அனுப்பினேன். பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. பிரிக்காமல் எப்படி ஐயா பார்ப்பது?

கழற்றிய பழையது கையில் இருக்கும்போது கேட்க வேண்டியதைக் கேட்டுத் தேடினோம். சேஸிஸ் எண்ணில் 124023 என்று வந்தால் 230இ. அடுத்து வரும் 2, வலப்பக்க ஸ்டியரிங். பென்ஸ் பாக எண் 124 500 என்று ஆரம்பித்தால் அது இந்த ரகத்து ரேடியேட்டர், அதற்குப் பின் வரும் எண்கள்தான் ஆட்டோவா கை கியரா, எந்தத் தடிமன் என்று பிரிக்கின்றன. அந்த எண் பழைய தொட்டியின் ஓரத்தில் பதிந்திருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தேடியபோது அது காருக்குள்ளேயே இருந்தது.

விலை கேட்டதில் நாலு வழி கிடைத்தது. அதிகாரபூர்வக் கடையில் ஒரிஜினல், இரண்டாயிரத்துக்கு மேல், வர மூன்று வாரம். அதற்குள் என் விடுமுறை முடிந்துவிடும். இரண்டாவது, பென்ஸுக்கே செய்து கொடுத்த ஜெர்மன் கம்பெனி பெஹரின் சரக்கு, 720 வெள்ளி. 2013-இல் மாலே கம்பெனி பெஹரின் பெரும்பங்கை வாங்கிவிட்டதால் இப்போது பெட்டியில் மாலே என்று இருக்கும். பெயர் மாறிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். மூன்றாவது டென்மார்க்கின் நிஸன்ஸ், 480. நாலாவது, ஊரிலேயே இருக்கும் சீனப் பெரியவரின் ரேடியேட்டர் பட்டறையில் செம்பு நடுப்பகுதி போட்டுக் கட்டுவது, 450.

எனக்கு நாலாவதின் மேல்தான் ஆசை. அந்தத் தவுக்கே (சீன முதலாளி) தோட்டத்துத் தமிழ் பேசுவார், நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். செம்பு அலுமினியத்தைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும், உடைந்தால் ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். ஆனால் அவரே வேண்டாம் என்றார். "எண்ணெய் கூலர் வெச்சி நான் கட்ட மாட்டேன் தம்பி. லாரின்னா கட்டுவேன்." வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரைப் பெர்த்தில் நான் பார்த்ததில்லை. நிஸன்ஸா மாலேயா என்று வந்தபோது போர்மன் நிஸன்ஸும் போதும் என்றார். மாமா ஜெர்மன்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

மாமாவுக்கு அந்த வண்டி வெறும் வண்டியல்ல என்பது எனக்குத் தெரியும். 1948 ஜூன் 16 அன்று தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டு, நாட்டில் அவசரகாலம் தொடங்கக் காரணமாக இருந்த ஊர் இது. என் தாத்தா இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வாசலில் துரையின் கார் போனால் பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நின்ற பிள்ளைகளில் ஒருவர் மாமா. இன்று தோட்டமெல்லாம் செம்பனை, லயம் இல்லை. வருடம் 680 வெள்ளி சாலை வரி கட்டிக்கொண்டு மாமா பென்ஸ் வைத்திருக்கிறார். 2000 சிசிக்குள் இருக்கும் 200இ வாங்கியிருந்தால் அது 380-க்குள் முடிந்திருக்கும். அதைச் சொன்னால் கோபம் வரும்.

சரி, மாலேதான். ஈப்போவில் ஆட்டோ ரகம் கையிருப்பில்லை. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் ஒரு கடையில் இருந்தது. போர்மன் போனில் பாக எண்ணைச் சொல்லி, எண்ணெய்த் துளைகளையும் தொட்டியில் பதித்த பெயரையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், பார்த்த பிறகுதான் பணம் போட்டார். கூரியர் என்றால் இரண்டு நாள். அதனால் எக்ஸ்பிரஸ் பஸ்ஸின் வயிற்றில் போட்டு அனுப்பினார்கள், 20 வெள்ளி. புதன்கிழமை மாலை ஈப்போ அமான்ஜெயா பேருந்து நிலையத்தில் நின்று, பஸ் நம்பரைப் பார்த்து, டிரைவரிடமிருந்து பெட்டியை வாங்கினேன். கையெழுத்து இல்லை, பார்கோடு இல்லை. "பென்ஸா?" என்றார் டிரைவர், அவ்வளவுதான்.

வியாழன் காலை மாட்டினார். மேல், கீழ் ஹோஸ் இரண்டும் புதிது, 140 வெள்ளி. தெர்மோஸ்டாட், அதாவது சூடேறியதும் ரேடியேட்டருக்குக் கூலண்டைத் திறந்துவிடும் வால்வு, 65 வெள்ளி. அது 87 பாகையில் திறக்கும் வகை. ஊர்ச் சூட்டுக்கு இன்னும் சீக்கிரம் திறப்பதைப் போடலாமா என்று கேட்டேன், பென்ஸ்காரன் சொன்னதையே போடுவோம் என்று முடித்துவிட்டார். மூடியும் புதிது, 45 வெள்ளி. பழைய தண்ணீரை வடித்து, சேறு வராத வரை இன்ஜினை அலசினார். அது மட்டும் ஒரு மணி நேரம். கூலண்ட் ஒன்றரை லிட்டர் பாட்டில் மூன்று, 150 வெள்ளி, பென்ஸ் ஏற்றுக்கொண்ட நீல ரகம். எட்டு லிட்டருக்கு மேல் பிடிக்கும், பாதிக்குப் பாதி பேட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) கலந்து ஊற்றினார். மூடியைத் திறந்தபடி ஓடவிட்டு, ஹோஸைப் பிசைந்து பிசைந்து காற்றை வெளியேற்றினார். இன்ஜின் ஆறிய பிறகு கைப்பம்பை மாட்டி 1.4 பாருக்கு ஏற்றிவிட்டு, வாங்க தே தாரிக் (ஆற்றிய பால் டீ) குடிக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முள் அசையாமல் இருந்தது. கூலி 200. ரேடியேட்டர், பஸ் கூலி எல்லாம் சேர்த்து 1340 வெள்ளி. இழுவை லாரியும் என் முட்டாள்தனத்தின் 290-உம் தனிக் கணக்கு.

வெள்ளிக்கிழமை மறுபடி தைப்பிங் கிளம்பினோம். மாமா பழைய சாலையிலேயே போகலாம் என்றார். நான் வேண்டுமென்றே ஈப்போ போய் நெடுஞ்சாலை ஏறி மெனோரா வழியாகப் போனேன், ஏர்கோனை முழுசாக வைத்துக்கொண்டு. மாமா ஜன்னல் பக்கம் மலையைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆனால் கழுத்து ஊசிப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஏற்றத்தில் 90-ஐ ஒட்டி வந்தது, சுரங்கப்பாதையைத் தாண்டி இறங்கும்போது தன் இடத்துக்குப் போய்விட்டது.

துளையில்லாத ரேடியேட்டர் மாமா வீட்டு அஞ்சடியில் (முன்வாசல் நடைபாதையில்), செருப்பு வைக்கிற பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறது. கை கியர் 230இ வைத்திருக்கும் ஒருவர் பந்திங்கிலிருந்து 150 வெள்ளிக்குக் கேட்டாராம். மாமா 200-லேயே நிற்கிறார்.