கடற்கரை வரை மீண்டும் ஓடும் பறக்கும் ரயில்: ஒரு மதிப்பீடு

கடற்கரைக்கும் வேளச்சேரிக்கும் இடையே பெரும்பாலும் தூண்களின் மேல் ஓடும் சென்னைப் பறக்கும் ரயில், 2023 ஆகஸ்ட் 27 முதல் கடற்கரை நிலையத்துக்கு வராமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது இருப்புப்பாதை அமைப்பதற்காக ஏழு மாதங்களுக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்ட அந்தத் தடை, இரு மடங்கு நீண்டு 2024 அக்டோபர் 29 அன்றுதான் நீங்கியது. விடுபட்டிருந்த பகுதி சிறியதுதான். ஆனால் இந்தத் தடத்தின் பயன் பெருமளவுக்கு அந்தச் சிறு பகுதியைச் சார்ந்தே இருக்கிறது என்பதை, அது இல்லாத மாதங்களில் பயணிகள் நன்றாகவே உணர்ந்தார்கள்.

தாம்பரம், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி ஆகிய தடங்களின் புறநகர் வண்டிகள் வந்து சேரும் இடம் கடற்கரை. திருவொற்றியூரிலோ பெரம்பூரிலோ ஏறுபவர் அங்கே இறங்கி, நிலையத்தை விட்டு வெளியே வராமலே வேளச்சேரி வண்டியைப் பிடித்துவிடலாம். ஆரம்பத்தில் எடுத்த ஒரே சீட்டே தரமணி வரை செல்லும். தடை நீடித்த காலத்தில் அதே பயணி பூங்கா நிலையத்திலோ சென்ட்ரலிலோ இறங்கி, நெரிசல் மிகுந்த சாலைகளைக் கடந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு நடக்கவோ ஆட்டோவுக்குச் செலவிடவோ வேண்டியிருந்தது. முதியவர்களையும் கைக்குழந்தையோடு வருபவர்களையும் நினைத்தால், அது வெறும் நேர இழப்பு அன்று என்பது விளங்கும்.

சேவை மீண்டபோதும் இணைப்பு முழுமையாகத் திரும்பவில்லை. தொடக்கத்தில் இத்தடத்தின் பூங்கா நகர் நிலையத்தில் வண்டிகளுக்கு நிறுத்தம் தரப்படவில்லை. சென்ட்ரலுக்கும் அரசு பொது மருத்துவமனைக்கும் இத்தடத்தில் மிக அருகிலுள்ள நிலையம் அதுவே என்பதால், அங்கு நிற்காத வண்டி அவ்விரு இடங்களுக்கும் செல்வோருக்குப் பாதிப் பயனையே தந்தது. கட்டுமானப் பணியின் கட்டாயம் புரிகிறது. இருந்தாலும் நோயாளிகள் இறங்கும் நிலையத்துக்கு முதலிடம் தந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

பயணத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. கோட்டையையும் பூங்கா நகரையும் தரைமட்டத்தில் கடந்து, பிறகு மேலேறி, சேப்பாக்கத்துக்குத் தெற்கே நெடுந்தொலைவு பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே வண்டி செல்கிறது. (கால்வாய்க்குள்ளேயே தூண்களை நிறுத்தியது நீரோட்டத்துக்குச் செய்த அநீதி என்பதையும் மறக்க முடியாது.) கீழே சாலைகள் ஸ்தம்பித்து நிற்கும் மாலை நேரத்திலும் மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூருக்குத் தடையின்றிச் சென்றுவிடலாம். குறைந்தபட்சக் கட்டணமான ஐந்து ரூபாய்க்கு இந்த நகரத்தில் இதைவிட நல்ல பயணம் கிடைப்பது அரிது.

குறை நிலையங்களில்தான் இருக்கிறது. 1995-இல் சேப்பாக்கம் வரையும் 2007-இல் வேளச்சேரி வரையும் திறக்கப்பட்ட இத்தடத்தின் பல நிலையங்கள், வரும் கூட்டத்துக்குச் சற்றும் பொருந்தாத பேருருவில் எழுப்பப்பட்டவை. ஆளில்லாத அகன்ற தளங்களையும் வெளிச்சம் குறைந்த படிக்கட்டுகளையும் கடந்துதான் நடைமேடையை அடைய வேண்டியிருக்கிறது. இரவில் தனியே வரும் பெண்களுக்கு இது உண்மையான தடை. கடைகளும் காவலும் விளக்குகளும் அந்த வெற்றிடங்களை நிரப்பினாலே பயணிகள் தாமாக வருவார்கள். நண்பகலில் வண்டிகளுக்கிடையே உள்ள இடைவெளியும் குறைய வேண்டும். நீண்ட நேரம் காத்திருக்க நேர்ந்தால், ஒரு முறை வந்தவர் மறுமுறை பேருந்தையே நாடுவார்.

வடசென்னையிலிருந்து தரமணி, திருவான்மியூர்ப் பக்கம் நாள்தோறும் வேலைக்குச் செல்வோருக்குக் கடற்கரை வழியையே தயங்காமல் பரிந்துரைக்கிறேன். காலையிலும் மாலையிலும் செல்பவர்கள் சீசன் டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது. மற்ற நேரங்களில் செல்பவர்கள் வண்டி நேரத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பலாம்.