இழுவைக்காகக் கேஸ் லோடு வண்டி வாங்கப்போகிறவர்களுக்கு

நான் மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில், கட்டட வேலைகளுக்குக் கலவை மிஷினும் சென்ட்ரிங் தகடுகளும் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன். அறுவடைக் காலத்தில் களத்திலிருந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை அடிப்பதும் உண்டு. 2023 ஆவணியில், எட்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு, பெரும்பகுதி கடனாக, சி.என்.ஜி.யில், அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில், ஓடும் சிறிய லோடு வண்டி ஒன்றை வாங்கினேன். அதை வாங்கிய விதத்தில் நான் ஏமாற்றப்பட்டேன் என்பதை உறுதியாகச் சொல்கிறேன். விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதால் ஷோரூமின் பெயரையும் வண்டியின் பெயரையும் எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் நடந்தது தெரிந்தால் இன்னொருவர் தப்பித்துக்கொள்ளலாம்.

ஷோரூமுக்குப் போனபோது டீசல் வண்டி வாங்கும் எண்ணத்தில்தான் போனேன். என் தேவையை ஒளிக்காமல் சொன்னேன். பின்னால் கலவை மிஷினைக் கட்டி இழுக்க வேண்டும், தொட்டியில் தகடும் ஜாக்கியும் இருக்கும், வேலையாட்கள் நான்கு பேரின் சாமான்களும் இருக்கும் என்றேன். மிஷினை எடைமேடையில் ஏற்றி எடுத்த சீட்டையும் காட்டினேன். அதில் 940 கிலோ என்று இருந்தது. விற்பனையாளர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “நம்ம பக்கம் எல்லாம் சமவெளி சார், மேடு எங்க இருக்கு? இதுக்குப் போயி டீசல் எதுக்கு? கேஸ் வண்டி கிலோவுக்கு 22 கிலோமீட்டர் குடுக்கும், டீசல் லிட்டருக்கு 15, 16தான் குடுக்கும்” என்றார். விலையிலும் டீசல் வண்டியைவிட எழுபதாயிரம் ரூபாய் குறைவு. மறுநாள் வாட்ஸ்அப்பில் மீண்டும் கேட்டேன். “தாராளமா இழுக்கலாம் சார், பிரச்சனை இல்ல” என்று பதில் வந்தது. அந்த ஒரு வரிதான் இன்று என் கையில் இருக்கும் முக்கியச் சான்று.

டெல்டாவில் மேடு இல்லை என்று சொல்கிறவர் இங்கே லோடு வண்டி ஓட்டியிருக்க மாட்டார். வெண்ணாறு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. அவற்றிலிருந்து வாய்க்காலும் வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்காலுமாகப் போகின்றன. ஊருக்குள் நுழைய வேண்டுமென்றால் எங்கேயாவது ஒரு கரையில் ஏறி, மதகைத் தாண்டி, மறுபக்கம் இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த ஏற்றம் முப்பது நாற்பது அடி நீளம்தான் இருக்கும், ஆனால் செங்குத்தாக இருக்கும். எதிரே ஒரு டிராக்டர் வந்தால் பாதி ஏற்றத்தில் நின்று, அங்கிருந்து மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும். நின்ற இடத்திலிருந்து பாரத்தை அசைப்பதுதான் இழுவையின் உண்மையான சோதனை. நேர்ச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி எதையும் இழுத்துவிடும்.

அங்கேதான் டீசலுக்கும் கேஸுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. டீசல் இன்ஜின் காற்றைப் பதினாறு பதினெட்டு மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கிறது. காற்றைக் கூடுதலாக உள்ளே தள்ளும் டர்போவும் சேர்ந்திருப்பதால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவிசை வந்துவிடுகிறது. கேஸ் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைப் போலத் தீப்பொறியில் எரிவது. உள்ளே போகும் காற்றின் இடத்தில் ஒரு பகுதியைக் கேஸே எடுத்துக்கொள்வதால் அதே அளவுள்ள பெட்ரோல் இன்ஜினைவிடவும் சக்தி சற்றுக் குறையும். என் வண்டியின் கையேட்டில் டார்க், அதாவது இன்ஜினின் சுழற்று விசை, 105 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தது. என் மச்சான் வைத்திருக்கும் டீசல் வண்டிக்கு அது 190. இரண்டும் ஏறக்குறைய ஒரே பாரம் ஏற்றும் வண்டிகள். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து ஷோரூமில் எனக்கு யாரும் காட்டவில்லை. நானும் மைலேஜை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வண்டி எடுத்த மூன்றாவது மாதம், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், கோரையாற்றுக் கரையில் ஏறும்போது எதிரே பள்ளிக்கூட வேன் வந்ததால் நிறுத்தினேன். திரும்பக் கிளப்பியபோது வண்டி ஓரடி முன்னால் வந்தது, பிறகு மிஷின் பின்னால் இழுத்தது. இன்ஜின் இரைந்தது, சக்கரம் நகரவில்லை, தீய்ந்த நாற்றம் கேபினுக்குள் ஏறியது. பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த சித்தாள் அக்காக்கள் ஓடிவந்து மிஷின் சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்திராவிட்டால் எல்லாம் சேர்ந்து வாய்க்காலில் போயிருக்கும். அன்றைக்கு ஒரு டிராக்டர்தான் எங்களைக் கரையேற்றியது. மன்னார்குடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் கிளட்சைப் பிரித்துப் பார்த்தார். கிளட்ச் பிளேட்டின் மேற்பூச்சு ரிவெட் வரைக்கும் தேய்ந்திருந்தது; கிளட்ச் அழுந்திப் பிடிக்கும் ஃபிளைவீல் சக்கரத்தின் முகத்தில் மயில் கழுத்து நிறத்தில் சூட்டுத் தழும்புகள் விழுந்திருந்தன. வண்டி அப்போது ஓடியிருந்தது 7,800 கிலோமீட்டர். “தம்பி, இது ஓட்டுன தப்பு இல்ல. இந்த இன்ஜினுக்கு இந்த வேலை இல்ல” என்றார்.

வாரண்டியில் பார்க்கச் சொல்லி ஷோரூமுக்குப் போனபோதுதான் அடுத்த ஏமாற்று வெளிப்பட்டது. கிளட்ச் தேயும் பொருள், அதற்கு வாரண்டி இல்லை என்றார்கள், அதையாவது ஒப்புக்கொள்ளலாம். ஆனால் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இழுவைக் கொக்கி பற்றவைக்கப்பட்டிருப்பதால் சேஸிஸுக்கும் கியர் பாக்ஸுக்கும்கூட இனி வாரண்டி கிடையாது என்றார்கள். அந்தக் கொக்கியை டெலிவரி அன்றே, அவர்கள் கைகாட்டிய பட்டறையில், அவர்களுடைய ஆள் கூட நிற்கவே வைத்தோம். கையேட்டைத் திறந்து, இந்த வண்டியில் எதையும் கட்டி இழுக்கக் கூடாது என்ற வரியை மேலாளர் காட்டினார். அந்தக் கையேடு எனக்குப் பணம் முழுவதும் கட்டிய பிறகு, பாலிதீன் உறைக்குள், முழுக்க ஆங்கிலத்தில் தரப்பட்டது. வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினேன். அது விற்பனையாளரின் சொந்தக் கருத்து, அவர் இப்போது இங்கே வேலையில் இல்லை என்று முடித்துக்கொண்டார்கள். ஏற்றத்தில் இழுக்கவில்லை என்ற புகாரை, வண்டியை வேலைக்கு விடும்போது அவர்கள் எழுதும் ஜாப் கார்டில் எழுதச் சொன்னபோதும் எழுத மறுத்து, ‘பொதுச் சோதனை’ என்று மட்டும் எழுதினார்கள். ஜாப் கார்டில் உங்கள் புகார் உங்கள் வார்த்தையில் எழுதப்படாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்; பின்னால் அந்தத் தாள்தான் பேசும்.

மைலேஜ் கணக்கை நான் அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் போட்டேன். கிலோவையும் லிட்டரையும் நேருக்கு நேர் ஒப்பிட்டதே முதல் தவறு. ஒரு கிலோ சி.என்.ஜி.யில் ஒரு லிட்டர் டீசலைவிட எரிசக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஆகவே கிலோமீட்டர் எண் பெரிதாகத் தெரிவதில் வியப்பு இல்லை. ஒப்பிட வேண்டியது ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்பதைத்தான். இரண்டு மாதம் நானும் மச்சானும் ஒரே மாதிரி நோட்டுப் போட்டு எழுதினோம். வெறும் வண்டியாக என்னுடையது கிலோவுக்கு 19 கிலோமீட்டர் ஓடியது, அவருடையது லிட்டருக்கு 16. இருபத்தைந்து நெல் மூட்டை, அதாவது நாற்பது கிலோ வீதம் ஒரு டன் ஏற்றினால் எனக்கு 14, அவருக்கு 13.5. மிஷினைக் கட்டி இழுத்தால் எனக்கு 10.5, அவருக்கு 11.5. கேஸ் கிலோ 90 ரூபாய், டீசல் லிட்டர் 95 ரூபாய் என்று வைத்துப் பார்த்தால், வெறும் வண்டியில் எனக்குக் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 74 காசு, அவருக்கு 5 ரூபாய் 94 காசு. மூட்டை ஏற்றும்போது 6.43க்கு எதிராக 7.04. இழுவையில் 8.57க்கு எதிராக 8.26. பாரம் ஏற ஏறக் கேஸின் லாபம் கரைந்து, இழுவையில் டீசலே மலிவாகிவிட்டது; ஏனென்றால் டீசல் மூன்றாம் கியரில் போகும் இடத்தில் என் வண்டி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் இரைந்துகொண்டே போகிறது. விற்பனையாளர் சொன்ன 22 எனக்கு எந்த நாளிலும் கிடைக்கவில்லை.

இதற்கு மேல் கேஸ் நிரப்பும் செலவு இருக்கிறது. சிலிண்டர் 75 லிட்டர் என்றால் 75 லிட்டர் கேஸ் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அது தண்ணீர் அளவு. 200 பார் அழுத்தத்தில் நிரம்பினால் சுமார் 12 கிலோ பிடிக்கும். வெயில் நேரத்தில், வேகமாக நிரப்பும்போது கேஸ் சூடாகி விரிவதால் ஒன்பது பத்து கிலோவிலேயே நின்றுவிடும். குழாய் வழியாக வராமல் லாரியில் சிலிண்டர்களாகக் கேஸ் வந்து இறங்கும் பங்க்குகளில், லாரி காலியாகும் நேரத்தில் அழுத்தம் இன்னும் குறைவு. எங்கள் ஊரிலிருந்து அப்படிப்பட்ட பங்க் ஒன்றுக்குப் போக 19 கிலோமீட்டர், வர 19 கிலோமீட்டர். இரண்டு கிலோ கேஸ் அதற்கே போய்விடும். வரிசையில் நிற்கும் நேரத்துக்கு யாரும் வாடகை தரமாட்டார்கள். சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் நான் ஷோரூமில் கேள்விப்படவில்லை.

கேஸ் வண்டியே மோசம் என்று நான் சொல்லவில்லை. கும்பகோணத்தில் பூக்கூடை ஏற்றும் என் நண்பர் ஒருவருக்குக் கேஸ் பங்க் தெருமுனையிலேயே இருக்கிறது, பாரமும் லேசு. அவர் அந்த வண்டியால் நன்றாகவே இருக்கிறார். டீசலிலும் தொல்லை இல்லாமல் இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வந்த மச்சானின் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டினால் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும், அப்போது தஞ்சாவூர்ச் சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டித்தான் கரியை எரிக்க வேண்டும். இதையும் விற்கும்போது அவருக்குச் சொன்னவர் இல்லை.

இழுவை வேலை இருக்கிறவர்கள் எந்த எரிபொருளானாலும், சொந்தப் பாரத்தைக் கட்டி, உங்கள் ஊர்க் கரை ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பிப் பார்க்காமல் முன்பணம் கட்ட வேண்டாம். நான் கேட்டபோது சோதனை வண்டியில் கொக்கி இல்லை என்றார்கள்; அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இழுக்கலாம் என்பதைக் கம்பெனி முத்திரையோடு எழுத்தில் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியையும் படியுங்கள். பழுதாகி நிற்கும் ஒரு வண்டியைக் கூலி வாங்காமல் இழுப்பதைத் தவிர, டிரெய்லர் இழுக்கும்போது நேரும் விபத்துக்குப் பாலிசி பொருந்தாது என்று என் பாலிசியில் அச்சிட்டிருந்தது; அன்று கோரையாற்றுக் கரையில் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் என் வீட்டை விற்றுத்தான் கட்டியிருக்க வேண்டும். இதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

தொழிலுக்கு வாங்கிய வண்டி என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று ஷோரூமில் பயமுறுத்தினார்கள். அது சரியல்ல. சொந்தப் பிழைப்புக்காக, தானே உழைத்து ஓட்டுவதற்கு வாங்கியவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பிரச்சனை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்கலாம். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன், பிறகு வக்கீல் நோட்டீஸ், பிறகு திருவாரூரில் மனு. எடைச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி, பட்டறை ரசீது, மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு, நோட்டுக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

இப்போது வண்டியில் மூட்டையும் தகடும் மட்டுமே ஏற்றுகிறேன். மிஷினை வாடகை டிராக்டர் இழுக்கிறது. கொக்கியை அறுத்து எடுத்தாயிற்று. பற்றவைப்புத் தழும்போடு அந்த இரும்பை எரு மூட்டைச் சாக்கில் சுற்றித் திண்ணையில் வைத்திருக்கிறேன். அடுத்த வாய்தாவுக்கு அதையும் எடுத்து வரும்படி வக்கீல் சொல்லியிருக்கிறார்.