எழுதும் பையனா, தேநீர் தரும் பொம்மையா?

எந்திரப் பொம்மை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஸ்விட்சர்லாந்தின் எழுதும் பையன்தான். கடிகாரக் கலைஞர் பியர் ஜாக்கே-துரோவின் பட்டறையில் 1774-இல் முடிந்தது. இன்று நூஷாட்டெல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 6000 பாகங்கள். உடம்புக்குள் அடுக்கிய கேம்கள், அதாவது விளிம்பில் மேடுபள்ளம் வெட்டிய சுழல் தகடுகள்தான் ஒவ்வொரு எழுத்தின் வளைவுக்கும் கையை நகர்த்துகின்றன. 40 எழுத்துவரை விரும்பியதை எழுத வைக்கலாம். இறகுப் பேனாவை மையில் தொட்டு, லேசாக உதறி, கண்ணால் வரியைத் தொடர்ந்தபடி எழுதுவான். அந்த உதறலுக்காகவே எத்தனை முறையும் பார்க்கலாம்.

ஜப்பானின் எடோ காலத் (1603–1868) தேநீர்ப் பொம்மை வேறு வழி. மரப் பற்சக்கரங்கள், திமிங்கிலத்தின் வாய்த் தகட்டில் செய்த ஸ்பிரிங், அவ்வளவுதான். தட்டில் கோப்பையை வைத்தால் அதன் எடையில் தடுப்பு விலகும். பொம்மை நடந்து வரும். எடுத்தால் நிற்கும். குடித்துவிட்டுத் திரும்ப வைத்தால், முகம் திருப்பி வந்த வழியே போய்விடும். இதன் உள்வேலையை 1796-இலேயே ஹொசோகாவா ஹன்சோ படத்தோடு நூலாகப் போட்டுவிட்டார்.

வியந்து பார்க்க முதலாவது. செய்து பார்க்க ஆசையா? சரி, தேநீர்ப் பொம்மையையே எடுங்கள். எழுதும் பையனில் கேமின் விளிம்பு கொஞ்சம் பிசகினாலும் எழுத்து கோணிப்போகும். தேநீர்ப் பொம்மையிலோ, மரச் சக்கரம் இறுகினால் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.