ஊட்டியில் ஒரு துண்டு படுத்திய பாடு

மூன்று வருடம் கழித்து கனடாவின் மிசிசாகாவிலிருந்து கோவைக்கு வந்திருந்தேன். 2025 மே வெயில் தாங்கவில்லை, அம்மா, மனைவி, மகள், மச்சான் எல்லோரையும் காரில் அடைத்துக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பிவிட்டோம். வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்துவிட்டதால் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து இ-பாஸ் எடுத்தோம், அதில் ஒரு சிரமமும் இல்லை. கல்லாறு சோதனைச் சாவடியில்தான் பின் சீட்டில் உருண்டுகொண்டிருந்த மூன்று தண்ணீர் பாட்டிலையும் பிளாஸ்டிக் கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டு விட்டார்கள். அம்மா தூக்குப்போசியில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அதை நான் வீட்டிலேயே கிண்டல் பண்ணியிருந்தேன், சரி, வாயை மூடிக்கொண்டு அதையே வாங்கிக் குடித்தேன்.

மச்சான் இன்னும் வேடிக்கை. நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் எறிந்த பாட்டில் உடைந்து யானை காலைக் கிழிக்கிறது என்று வழக்குப் போய், 2022 மே மாதம் முதல் இந்த ஏற்பாடு. வாழ்நாளில் ஒரு தம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனுஷன், அந்தப் பத்து ரூபாய்க்காகக் காலி பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு போனார்!

அப்புறம் ஹோட்டல். பெயர் வேண்டாம். கொஞ்சம் பெரிய இடம், வாசலிலேயே 'பசுமை விடுதி' என்று பலகை. அறையில் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் வைத்திருந்தது பிடித்தது. குளியலறைக்குள் போனால் ஷாம்பூ, சோப்பு, சீப்பு, பல் தேய்க்கும் பிரஷ், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிளாஸ்டிக் உறை. கட்டில் மேல் ஒரு அட்டை, ஆங்கிலத்தில்: துண்டை மாட்டி வைத்தால் மறுபடி பயன்படுத்துகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வோம், பூமி உங்களுக்கு நன்றி சொல்கிறது. இந்த மாதிரி துண்டு அட்டையைப் பார்த்துக் கடுப்பாகித்தான் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் 1986இல், சுற்றுச்சூழலைக் காப்பதாகக் காட்டிக்கொள்ளப் பச்சைச் சாயம் பூசுகிறார்கள் என்ற பொருளில் 'கிரீன்வாஷிங்' என்று எழுதினார். நாற்பது வருடம் ஆகப்போகிறது, அட்டை மட்டும் மாறவே இல்லை.

நாங்கள் ஒழுங்காகத் துண்டை மாட்டிவிட்டு வெளியே போனோம். திரும்பி வந்தால் புதுத் துண்டு. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் அறை சுத்தம் செய்ய வந்த அக்காவிடமே கேட்டேன்.

"மாத்தலைன்னா சூப்பர்வைசர் திட்டுவாருங்க சார். ரூம் செய்யலைன்னு எழுதிருவாரு."

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா என்றேன். "அது இங்கிலீசுங்களே" என்று சிரித்தார். யார் கையால் நடக்க வேண்டுமோ அவருக்குப் புரியாத மொழியில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டு எங்கே போகிறது என்று கேட்டால், கோடையில் இங்கே தண்ணீர் கிடையாது, லாரித் தண்ணீர்தான், அதனால் துணியெல்லாம் வேனில் ஏற்றி மேட்டுப்பாளையத்துக்குத் துவைக்க அனுப்புகிறார்களாம். ஆக, நான் ஒருமுறை முகம் துடைத்த துண்டு மலை இறங்கி, வெளுத்து, மறுபடி மலை ஏறி வருகிறது. நானும் அதே ரோட்டில்தான் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வந்தேன்.

பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தது. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதைச் சரி என்றது. வரவேற்பில் இருந்த பையனிடம் சொன்னதும் சண்டை போடாமல் எடுத்துவிட்டான், அதற்கு நன்றி. முந்தின நாளே அக்காவிடம், அந்தப் பணம் உங்களுக்கு வருமா என்று கேட்டிருந்தேன். "கையில குடுத்தா வாங்கிக்குவோம். பில்லுல வர்றது எங்களுக்குத் தெரியாதுங்க." கையில்தான் கொடுத்தேன். மரம் நடுகிறோம், சூரிய சக்தி வைத்திருக்கிறோம் என்று லிஃப்டில் ஒட்டியிருக்கும் படங்களில் இந்த அக்கா எங்கேயும் இல்லை. பத்து மணி நேரம் நின்று வேலை செய்கிறவர்.

மூன்றாம் நாள் வெளியே போகும்போது மகளின் நோட்டில் ஒரு தாள் கிழித்துத் தமிழில் எழுதினேன்: 'துண்டு மாற்ற வேண்டாம். நான்தான் சொன்னேன்.' கீழே கையெழுத்து, அறை எண். துண்டோடு சேர்த்து மாட்டிவிட்டுப் போனேன். மாலையில் பழைய துண்டு அப்படியே தொங்கியது, சீட்டைக் காணோம். மறுநாள் கேட்டபோது புடவை முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினார்.

"வச்சிருக்கேன் சார். கேட்டா காட்டணும்ல."