அரிசோனா வாலிபால்: மரத்தரையா, மணலா?

கடலே இல்லாத மாநிலம் அரிசோனா. ஆனால் மணல் வாலிபாலைப் பள்ளி விளையாட்டாக அமெரிக்காவில் முதலில் அங்கீகரித்தது அதுதான். பள்ளியில் ஒரு பெண் இரண்டையும் ஆடலாம். உள்ளரங்க ஆட்டம் இலையுதிர் காலத்தில், மணல் ஆட்டம் வசந்தத்தில். கல்லூரி நெருங்கும்போதுதான் எதில் நிற்பது என்ற கேள்வி வரும்.

உள்ளரங்கில் 18க்கு 9 மீட்டர் களம், ஆறு பேர், ஆளுக்கொரு வேலை. நெட்டின் நடுவில் நின்று தடுக்கும் நெட்டையான மிடில் பிளாக்கருக்கு பாஸ், அதாவது சர்வீஸை எடுத்துக் கொடுப்பது, சுமார்தானா? பரவாயில்லை, பின்வரிசைக்குப் போனதும் அவருக்குப் பதில் லிபரோ, அதாவது பின்வரிசையில் பந்தெடுக்க மட்டுமே இருப்பவர், இறங்கிவிடுவார். மணலில் அப்படி ஒளிய இடமில்லை. 16க்கு 8 மீட்டரில் இரண்டே பேர், மாற்று ஆள் கிடையாது. பாஸ் வராதவர் யார் என்று எதிரணி நாலு சர்வீஸில் கண்டுபிடித்துவிடும். அப்புறம் பந்து அவரைத் தேடியேதான் வரும். பிளாக்கில் கை பட்டாலே மூன்று தொடுதலில் ஒன்று போச்சு. விரித்த விரல்களால் பந்தை மெல்லத் தள்ளிவிடவும் கூடாது. இத்தனைக்கும் நெட் உயரம் இரண்டிலும் அதே 2.24 மீட்டர். கால் புதையும் மணலிலிருந்து அதற்கு மேல் எம்பிப் பாருங்கள், தெரியும்.

டெம்பியில் அரிசோனா ஸ்டேட், டூசானில் அரிசோனா பல்கலைக்கழகம். இரண்டிலும் இரண்டு ஆட்டமும் உண்டு. கூட்டமும் பேரும் உள்ளரங்குக்குத்தான். 2024இல் பிக் 12 என்ற பல்கலைக்கழக லீகுக்கு வந்த முதல் ஆண்டிலேயே அரிசோனா ஸ்டேட் உள்ளரங்கப் பட்டத்தைத் தூக்கியது. மணலில் கல்லூரிக்கு ஐந்து ஜோடிகள் மோதும். மூன்று ஜோடி ஜெயித்தால் வெற்றி. தேசிய போட்டியே 2016இல்தான் தொடங்கியது. உதவித்தொகையிலும் உள்ளரங்கின் கையே ஓங்கியிருந்தது: நெடுங்காலம் அங்கே முழுத்தொகை, மணலில் பங்கு போட்டுக் கொடுப்பது.

என்னைக் கேட்டால், உயரம் இருந்தால் உள்ளரங்கம். குட்டையானவர், ஆனால் எந்தப் பந்தையும் எடுப்பார் என்றால் மணல்தான். உள்ளரங்கில் லிபரோவாகவே அடைபட்டு, ஸ்மாஷ் அடிக்காமலே கல்லூரியை முடிப்பதைவிட அது மேல்.

பையன்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. கல்லூரி மணல் வாலிபால் பெண்களுக்கு மட்டும். உள்ளரங்கிலும் கல்லூரி விளையாட்டின் உச்சமான முதல் பிரிவில் மாநிலத்துக்கு இருந்த ஒரே ஆண்கள் அணி கிராண்ட் கேன்யன் பல்கலைக்கழகத்துடையது. 2024இல் தேசிய அரையிறுதி வரை போனார்கள், மறு ஆண்டே அணியைக் கலைத்துவிட்டார்கள். இனி முதல் பிரிவில் ஆட ஆசைப்படுபவன் கலிஃபோர்னியாவுக்கோ வேறெங்கோ மூட்டை கட்ட வேண்டியதுதான்.