அன்னா லாப்வுட்டின் 'இமேஜஸ்': ஹெட்ஃபோனில் மட்டும் கேளுங்கள்

ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவியை வாசிக்கும் அன்னா லாப்வுட்டை முதலில் வானொலிக் குரலாகத் தெரிந்தவர்கள் உண்டு, பிபிசியில் செவ்வியல் இசையை அத்தனை எளிமையாக அறிமுகப்படுத்துவார். ஆனால் அவர் யார் என்று புரிய 2021இல் சிக்னம் இசை நிறுவனம் வெளியிட்ட இந்த ஆல்பத்தைக் கேட்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு மாக்டலன் கல்லூரியின் 500 ஆண்டுக்கும் மேலான வரலாற்றில் ஆர்கன் உதவித்தொகை பெற்ற முதல் பெண், அப்புறம் 21 வயதிலேயே கேம்பிரிட்ஜ் பெம்ப்ரோக் கல்லூரியில் இசை இயக்குநர் ஆனவர்.

ஈலி பேராலயத்து ஆர்கனில் பதிவு செய்திருக்கிறார்கள். இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் நான்கு கடல் இடையிசைகள்தான் இதன் உயிர்; முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியதை அவரே இரண்டு கைக்கும் இரண்டு காலுக்குமாக மாற்றி அமைத்திருக்கிறார். விடியல் பகுதியில் வயலின்கள் உச்சத்தில் இழுக்கும் அந்த மெல்லிய கோடு இங்கே குழாய்களின் மூச்சாக வருகிறது, அதற்குக் கீழே பெடலில் கடல் மெல்ல அசைகிறது, எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. புயல் பகுதியில் மட்டும் கட்டடத்தின் எதிரொலி வேகமான சுரங்களைக் கொஞ்சம் கலக்கிவிடுகிறது. கல் மண்டபம், அப்படித்தான் இருக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

போன் ஸ்பீக்கரில் போடாதீர்கள். அடித்தள சுரங்கள் அதில் கேட்கவே கேட்காது, பாதி இசை போய்விடும். ஆர்கன் என்றாலே தேவாலயத்துப் பாட்டுக்குத் துணை என்று நினைப்பவர்கள் முதலில் விடியலைப் போட்டுப் பாருங்கள். ஐந்துக்கு நாலரை.