ஜிடிபி: ‘நெக்ஸ்ட்’ மட்டும் அடிப்பவர்களுக்கு இது வேண்டாம்

1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய டீபக்கர், அதாவது புரோகிராமை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பிழை தேடும் கருவி. முகப்பைப் பார்த்தால் இன்னும் அந்தக் காலத்திலேயே இருப்பதுபோல் தோன்றும். பிரேக் (குறித்த வரியில் நிறுத்து), நெக்ஸ்ட் (அடுத்த வரிக்குப் போ), பிரிண்ட் (மதிப்பைக் காட்டு) என்ற மூன்று கட்டளைகளோடு நிறுத்திக்கொள்வதானால், கோடுக்குள்ளேயே பிரிண்ட்எஃப் போட்டு மதிப்பைப் பார்ப்பது போதும். ஜிடிபியின் சரக்கு அதற்கப்பால்தான் இருக்கிறது.

ஒரு லூப் ஆயிரக்கணக்கான சுற்று ஓடி, எங்கோ செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதால்) விழுகிறது. லூப்புக்குள் பிரேக்பாயிண்ட் (நிறுத்தும் இடம்) வைத்து, ‘இக்னோர் 1 100000’ (1-ஆம் பிரேக்பாயிண்டில் ஒரு லட்சம் முறை நிற்காதே) கொடுத்து ரன் செய்யுங்கள். விழுந்ததும் ‘இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்’ அடித்தால், அந்த வரி எத்தனை முறை ஓடியது என்று தெரியும். 4217 என்று வந்தால் ‘இக்னோர் 1 4216’ கொடுத்து மறுபடி ரன். சொதப்பும் அந்தச் சுற்றிலேயே வந்து நிற்கும். உள்ளீடு மாறினால் மட்டும் கணக்கு தப்பும்.

வேரியபிளின் மதிப்பை எந்த வரி கெடுக்கிறது என்றே தெரியாதபோது, மதிப்பு மாறியதும் நிறுத்தும் ‘வாட்ச்’தான் கதி. எக்ஸ்86 செயலியில் இதற்கு நான்கே ரெஜிஸ்டர்கள், 64 பிட்டில் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 8 பைட். அவற்றில் அடங்காத பெரிய ஸ்ட்ரக்சரை மொத்தமாகக் கொடுத்தால் ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷனாக நிறுத்தி நிறுத்தி ஓட்டும், ஆமை தேவலை. கெடும் ஃபீல்டை மட்டும் கொடுங்கள். லோக்கல் வேரியபிள் என்றால் ஃபங்ஷன் முடிந்ததும் வாட்ச் தானே அழிந்துவிடும். பாயிண்டர் வழியாகப் பார்ப்பதைத் தொடர்ந்து கவனிக்க ‘வாட்ச் -லொகேஷன்’.

குறைகளும் உண்டு. வேகத்துக்காகக் கோடை மாற்றியமைக்கும் ‘-ஓ2’வில் கம்பைல் செய்ததைத் திறந்தால் பாதி வேரியபிள்களுக்கு ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று கையை விரிக்கும். டீபக் விவரங்களைச் சேர்த்து, மாற்றியமைப்பை நிறுத்தும் ‘-ஜி -ஓ0’ பாதுகாப்பு. நிபந்தனை வைத்த பிரேக்பாயிண்ட், நிபந்தனை பொய்யானாலும் ஒவ்வொரு முறையும் புரோகிராமை நிறுத்தித்தான் சரிபார்க்கும். அடிக்கடி ஓடும் வரியில் வைத்தால் பொறுமை போய்விடும். வெளியே விழும் புரோகிராம் ஜிடிபிக்குள் சமர்த்தாக ஓடினால் குழம்ப வேண்டாம்: லினக்ஸில் முகவரிகளைக் கலைத்துப்போடும் வசதியை ஜிடிபி தானாகவே அணைத்துவிடுகிறது. ‘செட் டிஸேபிள்-ரேண்டமைசேஷன் ஆஃப்’ கொடுத்துப் பாருங்கள்.

பல த்ரெட்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு உறைந்தால், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் ஜிடிபியை அட்டாச் செய்து ‘த்ரெட் அப்ளை ஆல் பிடி’ கொடுங்கள்; ஒவ்வொரு த்ரெட்டும் எந்த ஃபங்ஷன்கள் வழியாக எங்கே நிற்கிறது என்று காட்டும். எது எந்த லாக்கில் காத்திருக்கிறது என்று ஒரே திரையில் தெரியும். இந்த ஒரு கட்டளைக்கே ஜிடிபியை வைத்துக்கொள்ளலாம்.

2009-ல் 7.0 பதிப்போடு வந்த பின்னோக்கி ஓட்டும் வசதியைத்தான் நம்ப முடியவில்லை. மிக மெதுவு; ஏவிஎக்ஸ் (ஒரே நேரத்தில் பல எண்களைக் கையாளும் செயலிக் கட்டளை) இன்ஸ்ட்ரக்‌ஷனில் பலமுறை முட்டி நின்றுவிடும். அந்த வேலைக்கு, ஓட்டத்தைப் பதிவுசெய்து மறுபடி ஓட்டிக்காட்டும், ஜிடிபி கட்டளைகளையே ஏற்கும் ‘ஆர்ஆர்’ என்ற கருவி மேல்.